சாதா நகல், சான்று நகல்

முதலில் தொலைபேசியில்தான் வந்தார், பெயர் சொல்லாமல்.
பழைய வழக்கொன்றைப் பார்க்க
என்ன வழி என்றார்.
பின்னால் லாரிகள் இரைந்தன.

தொண்ணூற்று நாலுக்கு முந்தியதென்றால் கணினியில் இல்லை,
நேரில் வரவேண்டும், பெயரும் வருடமும் போதும்,
பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்,
புதன்கிழமை மட்டும் வேண்டாம்,
அன்று ஓட்டுநர் உரிமமும் என் தலையில் என்றேன்.
"யார் கேட்டாலும் காட்டுவீர்களா?"
யார் கேட்டாலும்.
"எதற்கென்று கேட்பீர்களா?"
கேட்கமாட்டேன். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.
கொஞ்ச நேரம் லாரிகள் மட்டும் பேசின.

மக்காச்சோளம் அறுத்து முடிந்த வாரம் வந்தார்.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
எங்கள் கவுண்டிக்கு மொத்தம் மூவாயிரம் தலை,
மாடுகளைச் சேர்க்காமல்.
புதுமுகம் வந்தால் நாய்க்குக்கூடத் தெரியும்.
வண்டியைத் தானியக் கிடங்குக்குப் பின்னால் விட்டுவிட்டு
கொதிகலன் அறை வழியாக ஏறி வந்திருக்கிறார்,
கண் மட்டும் ஷெரிஃப் அறைக் கதவில்.
தொப்பியைக் கழற்றியபோது அறுபது வயது தெரிந்தது.

பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.
பிறகு ஒரே மூச்சில்:
டுவேன் வோண்ட்ரா. எண்பத்தேழு.

வோண்ட்ரா என்ற பெயரைக் கல்லில் படித்திருக்கிறேன்.
மில்ட்ரட் வோண்ட்ரா,
என் சித்தப்பாவுக்கு இரண்டு கல் தள்ளி.
சொல்லவில்லை.

நிலவறைப் பதிவேடு ஒரு கன்றுக்குட்டி கனம்.
எண்ணைக் கண்டுபிடித்து, பெட்டியைக் கண்டுபிடித்து,
பெட்டிமேல் யாரோ வைத்துப்போன
கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை இறக்கி
மேலே வர நாற்பது நிமிடம்.
அதுவரை அவர் உட்காரவில்லை.

அரசு எதிர் வோண்ட்ரா.
மாடு ஏற்றும் டிரெய்லர் ஒன்று, திருட்டு.
மெலிந்த கட்டு, நாலே தாள்.
நான் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன்,
தொழில் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம்.

தள்ளுபடி.
அரசுத் தரப்பே கேட்டுக்கொண்டது.
டிரெய்லர், புகார் கொடுத்தவரின் மைத்துனன் களத்தில் கிடைத்தது.
தேதி மார்ச் பத்தொன்பது.

"எட்டாம் தேதி ராத்திரியே போய்விட்டேன்" என்றார்,
"வயோமிங், எண்ணெய்க் கிணறுகள்."
பிறகு, "பிடிவாரண்டு எந்தப் பக்கத்தில்?"
இல்லை.
"எப்போது ரத்தானது?"
போடவே இல்லை.

தாள்களுக்கு அடியில் ஓர் உறை.
பெறுநர் இங்கில்லை, திருப்பி அனுப்புக
என்று சிவப்பு மை.
முப்பத்தெட்டு வருடமாக ஒட்டியபடியே.

கட்டில் இருப்பது எதையும் வெளியே தரக்கூடாது.
அவருக்கு வந்த கடிதத்தை அவருக்குத் தராமலும் இருக்கக்கூடாது.
இரண்டும் விதி.
கேட்கலாமென்றால் நீதிபதி மாதம் இருமுறைதான் வருவார்,
நூறு மைல் தள்ளியிருந்து.
உறை பிரிக்கும் கத்தியை அவர் பக்கம் நகர்த்தினேன்.
"நீங்களே பிரியுங்கள்."
என் பெயரில் இல்லையே என்றேன்.

கத்தி தேவைப்படவில்லை.
பசை செத்துப்போயிருந்தது,
கட்டைவிரல் பட்டதும் திறந்துகொண்டது.

மூன்று வரிதான். மூன்று பக்கம்போல் படித்தார்.
"அம்மாவைப் புதைத்தது தொண்ணூற்றாறில்" என்றார்,
என்னிடம் இல்லை, பேனா ஸ்டாண்டிடம்.

சாதா நகலா, சான்று நகலா?
அந்த நேரத்தில் கேட்டிருக்கக்கூடாதுதான்.
எனக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்.
சான்றுக்கு ஒரு டாலர் கூடுதல்.
"சான்று" என்றார்,
"முத்திரை நன்றாக அழுந்தட்டும்."
அழுத்தினேன். மேசை ஆடியது.

உறையையும் சேர்த்து ஆறு பக்கம், இரண்டரை டாலர்.
மூன்று தாளை வைத்துவிட்டு
மீதியை வாங்காமல் போனார்.
ஐம்பது சென்ட்டை எந்தத் தலைப்பில் வரவு வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

அவர் எழுதிய படிவத்தைக் கட்டோடு சேர்த்தேன்,
அதுவும் இனி பொது ஆவணம்.

ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால்
முன்வாசலில், ஷெரிஃப் வண்டியை ஒட்டி
வயோமிங் எண்பலகையோடு ஒரு டிரக்.
எஞ்சின் ஓடவில்லை.
கண்ணாடி இறக்கியிருந்தது, அந்தக் குளிரில்.