சேதாரம்

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பிராக்ஜி உலை மூட்டுவார்.
எட்டே காலில் இருந்து அதுவரை என் நேரம்.
மத்ரா சூக்கின் பின்சந்து.
மீன்வாடையும் சாம்பிராணியும் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளும் இடம்.
தகர டப்பாவை மொனிருல் சாக்கில் கவிழ்ப்பான்:
கொக்கி போன சங்கிலி, ஒற்றைக் கொலுசு,
நசுங்கிய தாயத்துக் குப்பி, யாரோ கடித்த மோதிரம்.
யாருடையது என்று கேட்கக் கூடாது.
எத்தனை கிராம் என்று கேட்கலாம்.

மற்ற நாளில் ரூவி கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
எலும்பில் கீறல் தேடிய கண்
பற்றவைப்பில் ஈயம் தேடும்.
கைப்பையில் ஒரு காந்தம், ஒரு லென்ஸ்.
பிறகு என் மூக்கு:
உள்ளங்கை வியர்த்தால் பித்தளை நாறும், வெள்ளி நாறாது.
முதல் வருடம் நூற்றிருபது ரியால் தண்டம்.
ஜெர்மன் சில்வராம்.
அதில் ஜெர்மனியும் இல்லை, சில்வரும் இல்லை.

பழைய மாலைகளில் ஒரு ராணி தொங்குவாள், பருத்த கழுத்து.
எந்த வருடம் அச்சடித்தாலும்
நாணயத்தில் 1780 என்றுதான் இருக்கும்.
வயதை ஒளிப்பதில் நம்மை மிஞ்சியவள்.
நான் எண்ணைப் பார்ப்பதில்லை,
அவள் தோள் ஊக்கின் முத்துகளைத் தடவுவேன்.
மழுங்கியிருந்தால் யார் நெஞ்சிலோ குடியிருந்தவள்.
கூராக இருந்தால் போன வாரம் பிறந்தவள்.

வாங்கும்போது செய்கூலி கொடுக்கிறோம், சேதாரம் கொடுக்கிறோம்.
விற்கும்போது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.
ஒருவன் குனிந்து குனிந்து பூ அடித்த பதினோரு நாள்
எந்தத் தராசிலும் ஏறாது.
அந்த ஏறாத நாட்களைத்தான் நான் வாங்கி விற்கிறேன்.
எடைக்கு இருபத்தெட்டு ரியால், மேலே தொண்ணூறு.
பாவமா என்று பாதிரியாரிடம் கேட்டதில்லை.
கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார்.

அஸ்லம் கடையில் எனக்கு ஒரு கண்ணாடித் தட்டு,
பத்துக்கு இரண்டு அவனுக்கு.
கப்பல் வந்த நாளில் வெள்ளைக்காரிகள் கதை கேட்பார்கள்.
அஸ்லம் எல்லா நகைக்கும்
ஒரே பாலைவன மணப்பெண்ணைக் கட்டிவைத்திருக்கிறான்.
பாவம், அவளுக்கு இதுவரை நாற்பது கல்யாணம்.

இந்த வளை மார்ச்சில் கிடைத்தது.
சுற்றிலும் முள், நடுவில் கீல்.
ஆணி அசையவில்லை.
எண்ணெய் விட்டேன், இடுக்கி வைத்தேன்,
மூன்று ராத்திரி.
கறுப்பை மட்டும் தேய்க்கவில்லை. கறுப்புதான் விலை.

வியாழன் மாலை ஒரு பெண் வந்தாள்.
ரையா என்று பிறகு சொன்னாள். கையில் சாவிக்கொத்து,
காதில் ஃபோன், யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.
பேச்சை நிறுத்தாமல் வளையை எடுத்தாள்,
கட்டைவிரலால் ஆணியை இடப்பக்கம் அரைச்சுற்று,
திறந்தது.
மணிக்கட்டில் பூட்டினாள். திறந்தாள். பூட்டினாள்.
நான் அஸ்லமைப் பார்த்தேன்,
அஸ்லம் கூரையைப் பார்த்தான்.

அழுவாள் என்று நினைத்தேன்.
ஃபோனை வைத்துவிட்டு
விலைச்சீட்டைத் திருப்பினாள்: நூற்றுப் பதினெட்டு.
"பிராக்ஜி எனக்கு இருபத்திரண்டு கொடுத்தான்," என்றாள், கடைத்தெரு இந்தியில்.
"இதன் ஜோடி வீட்டில் இருக்கிறது.
எவ்வளவு தருவாய்?"

ஜோடி என்றால் கப்பலில் முந்நூறு.
அந்த எண் நாக்கு நுனிவரை வந்தது.
"அறுபது," என்றேன்.

அவள் வளையைக் கழற்றித் தட்டில் வைத்தாள்,
துணியால் ஒரு முறை துடைத்தும் வைத்தாள்.
"செய்கூலி?" என்று கேட்டாள்.
அரபியில் அதற்கு வேறு சொல்.
ஆனாலும் புரிந்தது.
நான் பதில் தேடுவதற்குள்
சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது.
ஒற்றை வளையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன்,
சீட்டைக் கிழித்துவிட்டேன், புதிது எழுதவில்லை.
பதினோரு நாளில் பாதி
அவள் அலமாரியில் இருக்கிறது.
ராத்திரி எக்ஸ்ரே அறை இருட்டில்
ஆணியை இடப்பக்கம் திருப்பிப் பழகுகிறேன்.
இன்னும் இரண்டு கை வேண்டியிருக்கிறது எனக்கு.