பக்கம் நான்கு: பின் அச்சு

படிவத்தின் நான்காம் பக்கத்தை எழுதியவள் நான்.
கியர்பாக்ஸ்: ஐந்து வேகம், ஆறு வேகம்,
நேர்வெட்டுப் பற்கள் கொண்டது (ஊளையிடும், பணம் திரும்பாது).
டிஃபரன்ஷியல்: திறந்தது, தட்டு வகை, சாய்பல் வகை.
பெட்டிகளில் டிக் செய்யவும்.

பெட்டிகளை நம்ப வேண்டாம்.
ஆறு வேகத்தைச் செய்துவந்த தொழிற்சாலை
அந்த மாடலையே மூடி நான்கு வருஷம்.
கொட்டகையின் பின்சுவரோரம், எண்ணெய்த் துணி போர்த்தி,
மிச்சம் பதினொன்று.
வருஷத்துக்கு ஒன்பது கார் கட்டுகிறோம்.
கணக்கு எனக்குத் தெரியும். மாரிஸ் டன்னர்டுக்கும் தெரியும்.
வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.
காலையில் போய் ஒருமுறை எண்ணிவிட்டு வருவார்,
இரவில் நரி வந்ததா என்று
கோழிக்கூண்டைப் பார்ப்பவர் போல.

பிப்ரவரியில், லிங்கன்ஷயரின் தட்டை மழையில்,
கிரோனிங்கனிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார்.
வீப்ரன் ஹூக்ஸ்ட்ரா.
கடைசிப் பல்விகிதம் மூன்று புள்ளி ஒன்பதா, நான்கு புள்ளி ஒன்றா
என்று இரண்டு நிற மையில் குறித்து வந்திருந்தார்.
பல்லைப் பற்றி அவரிடம் யார் பேச?
நேர்வெட்டுச் சக்கரத்தை விரலால் தடவி
"கடைவாய்," என்றார்.
அந்த மாதத்தில் முதல் தடவையாக மாரிஸ் சிரித்தார்.

ஓட்டிப் பார்க்கத் தந்த காரில்
இருப்பதிலேயே மலிவான திறந்த டிஃபரன்ஷியல்.
ஹோல்பீச் தாண்டி, கிழங்கு லாரிக்கு ஒதுங்கியதில்
இடது பின்சக்கரம் புல்லோரம் இறங்கியது.
தாரில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
மிதித்தார்.
சேற்றுச் சக்கரம் சுற்றிச் சுற்றி
என் மூக்குக்கண்ணாடி வரை கறுப்பு மண்ணை வாரி இறைத்தது.
தார்ச் சக்கரமோ
டோக்கன் எண் கூப்பிடாத ஆள் போல
அசையாமல் நின்றது.

"எல்லாம் அதற்கே போகிறது," என்றார் வீப்ரன், புகாராக.
இல்லை.
இரண்டுக்கும் சமமாகத்தான் போகிறது.
சமம் என்றால்,
வழுக்குகிறதுக்கு எவ்வளவு பிடிமானமோ அவ்வளவு.
மற்றதற்கும் அதே ஒரு கரண்டி.

சாய்பல் வகை இருந்திருந்தால்?
மாரிஸுக்கு போன் போட்டுக் கேட்டேன்.
"பூஜ்யத்தை மூன்றால் பெருக்கச் சொல்."
வைத்துவிட்டார்.

கிழங்கு வயலிலிருந்து டிராக்டரோடு வந்தாள்
டனூட்டே என்ற லிதுவேனியாக்காரி, தோளில் சங்கிலி.
இரண்டே நிமிஷத்தில் சாலைக்கு இழுத்துவிட்டாள்.
காசு வேண்டாம் என்றாள். கேள்விதான் இருந்தது அவளிடம்:
"இவ்வளவு விலைக்கு
இடது, வலது பிரேக்கைப் பிரித்துத் தர மாட்டார்களா?"
கதவைத் திறந்து காட்டினாள்.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிரேக் மிதிகள்,
இரண்டையும் பிணைக்க ஒரு கொக்கி.
சாலையில் சேர்த்து மிதி. சேற்றில் கொக்கியை எடு.
சும்மா சுழல்கிறதைப் பிடித்து வை.
நீ பிடிக்கிற பிடி, அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

நாற்பத்தெட்டு வயது பல் மருத்துவர்
சேற்றுச் செருப்போடு அவள் இருக்கையில் ஏறி
இடது, வலது, இடது என்று மிதித்துப் பார்த்தார்.
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பட்டறையில், ஈரக் காலுறைகளைக் ஹீட்டரில் போட்டுவிட்டு
நான்காம் பக்கத்தில்
"திறந்தது" என்பதில் டிக் போட்டார்.
பெட்டியே இல்லாத ஓரத்தில்
இரண்டு கைநெம்புகோல்கள் வரைந்தார்,
வேர் முனை வரைக்கும் தெரியும்படி.

மாரிஸ் நெடுநேரம் பார்த்தார்.
"இதற்கு என்ன விலை?"
விலை இருக்கட்டும், அப்படி ஒரு வரியே இல்லை என்றேன்.
"எழுது."

கியர்பாக்ஸ்: ஆறு வேகம்.
அதில் மட்டும் அவருக்கு யோசனையே இல்லை.
மாரிஸ் எழுந்து பின்சுவர்ப் பக்கம் போனார்.
துணி விலகும் சத்தம்.
"பத்து," என்றார்,
எங்களிடம் அல்ல.