காட்டுப்பள்ளி, ஏற்றுமதிக்கு முந்தைய இரவு

காற்றுக்கு ஒரு எண், அலைக்கு ஒரு எண்,
பார்ஜ் ஒருக்களிப்பதற்கு இன்னொன்று.
மூன்றும் ஒரே நொடியில் உச்சம் தொடாது,
நேரே கூட்டாதே,
வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடு என்கிறது விதி.
இருநூற்றுப் பத்து டன் கொதிகலன்
பன்னிரண்டு சங்கிலியில் நிற்கிறது.

வெல்டர் சூசைநாதன் முகமூடியைத் தூக்கினார்.
"தொடாதுன்னு யாரு சொன்னா மேடம்?
எர்ணாவூர்ல அன்னிக்கு
மழை, ஆத்துத்தண்ணி, ஆயிலு,
மூணும் ஒரே ராத்திரிதான்
வூட்டுக்குள்ள வந்துச்சு."

லேப்டாப் மூடியில் உப்பு பிசுபிசுத்தது.
காற்றும் அலையும்
ஒரே புயல் பெற்றவைதானே.
மூலக்குறியை அழித்தேன்,
நேரே கூட்டினேன்.

இன்னும் நான்கு தடுப்புத் தகடுகள் என்றதும்
"வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்று
ராடைச் செருகினார்.

வடகிழக்கில் மின்னல்,
சத்தம் வரவில்லை.