மஹர்: நாற்பது காலை

செவ்வாய்க்கிழமை கச்சேரியில்
மதம் என்ற கட்டத்துக்குள்
நான் ஒன்று எழுதினேன், அஸ்மிர் ஒன்று எழுதினான்.
பதிவாளர் இரண்டையும் வாசித்துவிட்டு
மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினார்.
அவ்வளவுதான் சட்டம்.

மற்றது வெள்ளி, அஸருக்குப் பிறகு,
ஜமாலியாவில் அவர்கள் வீட்டு முன்னறையில்.
கதிரைகளை வெளியே தூக்கிவைத்துப்
பாய் விரித்திருந்தார்கள்.
இருபத்திரண்டு பேர். மேடை இல்லை, வீடியோ இல்லை.
ஓட்டோவின் முன்கண்ணாடியில் அப்பா கட்டிவிட்ட
ஒற்றை மல்லிகைச் சரத்தையும்
கோட்டைப் பக்கம் நிறுத்தியபோது
ஒரு புள்ளிமான் தின்றுவிட்டது.

அம்மா வரவில்லை.
வரமாட்டேன் என்று சொல்லவுமில்லை.
நீலச் சாறியை அயர்ன் பண்ணிக்
கட்டிலில் விரித்துவைத்துவிட்டுப்
பின்வளவில் உடுப்புத் தோய்க்கப் போனாள்.
நாங்கள் புறப்படும்போதும்
தோய்த்துக்கொண்டிருந்தாள்,
ஏற்கெனவே தோய்த்ததையே.

ஹிதாயத்துல்லாஹ் மௌலவி
இரண்டு கிழமை தேடிப் பார்த்ததாகச் சொன்னார்.
பாலையூற்றில் எங்களை
வேதக்காரர் என்பார்கள்.
அவருடைய கிதாபிலும்
அதே சொல்தான் இருந்ததாம்.
வேதக்காரப் பெண்ணுக்கு
அவளுடைய தகப்பனே வலீ.

எனவே அப்பா.
முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில்
இழுவைப் படகின் எஞ்சினறையில் நின்று
பாதிச் செவியைக் கடலுக்குக் கொடுத்தவர்.
சவரக் கண்ணாடி முன்னால்
மூன்று நாள் பாடமாக்கினார்:
என் மகள் மெற்றில்டாவை உமக்கு...
அதற்குமேல் போகாது.
பிளேடைக் கழுவுவார். திரும்பத் தொடங்குவார்.

நான் உள்ளறையில் இருந்தேன், திரைக்கு இந்தப் பக்கம்.
முக்காடு வழுக்கிக்கொண்டே இருந்தது.
அவனுடைய உம்மா
வாயில் ஊசி கவ்வியபடி
"ஆடாதே மகள்" என்றா.
அந்த ஊசி இன்னும் என்னிடம்.

மஹர் என்ன என்று கேட்டு வந்தார்கள்.
ஏழு கிராம் பொன், என்றேன்.
பிறகு, எனக்கு நீந்தப் பழக்க வேண்டும்.
யாரோ சிரித்தார்கள்.
இருபத்தெட்டு வயசு, திருகோணமலையில் பிறந்தவள்,
முழங்காலுக்கு மேல் கடல் நனைந்ததில்லை எனக்கு.
கடலில் வேலை செய்தவர்
பிள்ளையைக் கடலுக்கு விடமாட்டார்.

மௌலவி சிரிக்கவில்லை.
மஹரென்றால் அளவு வேணும், என்றார் திரைக்கு அப்பாலிருந்து.
எத்தனை நாள்?
நான் யோசிக்கவில்லை. நாற்பது காலை.
வாடை முடிந்து கடல் படுத்ததும்.
கொப்பியில் பேனை ஊர்ந்தது.
"நாற்பது காலை" என்று ஒருவர் மெதுவாய்ச் சொல்லிப் பார்த்தார்,
கடன் கணக்கைச் சரிபார்ப்பதுபோல.

பிறகு அப்பாவின் முறை.
என் மகள் மெற்றில்டாவை உமக்கு...
நின்றது.
ஒரு மோட்டார்சைக்கிள் தெருவைக் கடந்து
முற்றாக இல்லாமற்போகும்வரை நின்றது.
யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
பிறகு எஞ்சின் இரைச்சலுக்கு மேலால்
மேல்தட்டுக்குக் கத்துகிறவர்போல
நிக்காஹ் செய்து தந்தேன்! என்றார்.
பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பி அழுதது.
அஸ்மிரின் பதில்
அந்த அழுகைக்குள் போய்விட்டது. நான் கேட்கவில்லை.
கேட்டவர்கள் இரண்டு சாட்சிகள்.

பேரீச்சம்பழம். பிளேன்டீ. பிறகு சஹன்.
ஆறு பேருக்கு ஒரு தட்டு.
எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
அப்பா கையை மடியிலேயே வைத்திருந்தார்.
பல் விழுந்த ஒரு பொடியன்
இறைச்சித் துண்டொன்றை
அவர் பக்கமாய்த் தள்ளிவிட்டான்,
கணக்கில் ஒரு ஆள் கூடியதை
முதலில் ஒத்துக்கொண்டவன் அவன்.

வாசலில் செருப்பைத் தேடியபடி
அப்பா என்னைப் பார்க்கவில்லை.
அஸ்மிரின் முழங்கையைப் பிடித்துச்
சத்தமாய்ச் சொன்னார்:
"நிலாவெளிக்குக் கொண்டுபோகாதே,
அடியில் இழுவை.
உப்புவெளியில், விடியக் காலமை,
காற்று எழும்ப முதல்.
முதலில் மிதக்கப் பழக்கு.
அவள் பயந்தாலும் சொல்லமாட்டாள்,
மூச்சைப் பிடிப்பாள்.
அதைப் பார்த்துக்கொள்."

ஒரு செருப்பு கிடைத்தது.
மற்றதை உம்மா
டோர்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தா.