இரண்டு பக்கமுமா

நெலமங்கலா சுங்கச்சாவடி தாண்டியதும்
இடது கையில் இரண்டு விரல்கள் என்னுடையவை இல்லை.
பிரேக்கைப் பிடிக்கின்றன,
வேறு யாருக்கோ கீழ்ப்படிந்து.
மும்பையில் கிளம்பி ஒன்பதாம் நாள்.
பீன்யா பாலத்தடியில் லாரிப் புகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை
ஊர் வந்துவிட்டது என்கிறது.

முன்னால் கர்னல் பெள்ளியப்பா,
வயது அறுபத்து நான்கு, ஒரு முட்டி உலோகம்.
திரும்பாமலே கை காட்டுகிறார்: பள்ளம்.
எல்லோர் முதுகிலும் ஒரே வரி,
படையில் அப்பாவை, அம்மாவை இழந்த பிள்ளைகளுக்காக.
கம்பட்கி ஏற்றத்தில் அதைப் படித்த ஒரு லாரிக்காரர்
கியரைக் குறைத்து
மலை முடியும்வரை எங்கள் பின்னாலேயே வந்தார்,
ஹார்ன் அடிக்காமல்.

நான் பஸ் டிப்போவில் டிரிப் ஷீட் எழுதுகிறவள்.
கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று
கண்டக்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
"மீதிச் சில்லறை இறங்கும்போது" என்றான் ஒருவன்.

போகும் முன் அல்சூரில் ஒரு கூட்டம்.
பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் தந்தார்கள்.
கொடி, பூ, நன்றி அங்கிள், நன்றி ஆன்ட்டி.
எனக்கு வந்ததில்:

பஞ்சர் கடை எத்தனை.
துரத்திய நாய் எத்தனை.
பாலம் எத்தனை, ரயில் பாலம் சேர்க்க வேண்டாம்.
பொய் சொல்லக் கூடாது.
அமலன், ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு.

அவன் அம்மா பிலோமினா ஓரமாக வந்து
மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.
"இவங்க அப்பா சாப்பர். பனி மூடின ரோட்டைத் திறந்து விடுற வேலை.
சிக்னல் கிடைச்சா, சாப்டியான்னு கேக்க மாட்டாரு.
இன்னைக்கு நாப்பத்தொரு வண்டி விட்டேன், நீ எத்தனை ஆட்டோ பாத்தேம்பாரு.
இவன் பால்கனியில நின்னு எண்ணி வச்சிருப்பான்.
ரெண்டு பேர் கணக்கும் ஒரே நோட்டுல.
மார்ச் ஏழு, இவன் பக்கம் அறுபத்தாறு.
அவரு பக்கம்"
ஸ்கூட்டர் சாவியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

எண்ணினேன்.
சைக்கிள் கம்பியில் பேனாக் கோடுகள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு.
தாவணகெரே தாண்டி மழை.
கடைசிக் கட்டு கரைந்துவிட்டது. மூன்றா, நான்கா?
எட்டு கிலோமீட்டர் திரும்பிப் போனேன்.
கர்னல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று டீ குடித்திருந்தார்.
அந்தப் பதினாறு கிலோமீட்டருக்கு
யாரிடமும் ரூபாய் வாங்கவில்லை.

சித்ரதுர்காவில் காற்றாலைகள்
எங்கள் முகத்துக்கு வந்த காற்றையே அரைத்துக்கொண்டிருந்தன.
அவற்றை அவன் கேட்கவில்லை.
அதையும் எண்ணினேன்.

அல்சூரில் பேண்டு, பந்தல்,
ஆளுயரத் தெர்மகோல் காசோலை.
இறங்க முடியாமல் சைக்கிளோடு சாய்ந்து நின்றபோது
நோட்டோடு வந்துவிட்டான்.

பஞ்சர் கடை இருநூற்றுப் பன்னிரண்டு.
பாலம் நூற்று அறுபத்தேழு.
நாய் பதினெட்டு. இன்னொன்று துரத்தவில்லை,
சும்மா கூட ஓடி வந்தது. அதைச் சேர்க்கலாமா?
யோசித்தான்.
"அரை."

பதினெட்டரை என்று எழுதினான்.
பிறகு, "கடை ரெண்டு பக்கமுமா?"
ஆயிரம் கிலோமீட்டரில் யாரும் என்னை
இப்படி நிறுத்தவில்லை.
இடது பக்கம் மட்டும்தான், தம்பி.
எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 'இடது' என்று எழுதினான்.
பக்கம் புரளும்போது மார்ச் கண்ணில் பட்டது.
அந்தக் கட்டத்தில் எதையும் அவன் நிரப்பியிருக்கவில்லை,
கோடும் இழுக்கவில்லை.
என் கணக்குக்குப் புதுப் பக்கம்.

"வலது பக்கம் வேணும்னா
இங்கேருந்து கிளம்பணும்" என்றான்.
ஆமாம் என்றேன்.
"நான் எட்டு மணிக்கு மேலேன்னா வர முடியாது. ஸ்கூல்."
ஆறு மணிக்கே கிளம்பிடலாம்.

மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
நாங்கள் இருவரும் குனிந்து
பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தோம்.