இருநூற்று நாற்பது இல்லை

"டுவா எம்பாட் கோசோங் ஹாபிஸ், போஸ்."
ஜாலான் பாசாரில் கடையடைக்கும் நேரம்.
பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில்
குனிந்து நின்று கேட்டேன்.
தாளில் போட்டிருந்தது இருநூற்று நாற்பது ஓம்.
அவரிடம் இருப்பது இருநூற்று இருபது,
பத்து ஒரு வெள்ளி.
கலவைப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

பூடுவில் ரயிலேறி
ரசீதின் முதுகில் கணக்கு.
இரண்டாம் ரெசிஸ்டரை முதலாவதால் வகு,
ஒன்றைக் கூட்டு, ஒன்றேகாலால் பெருக்கு.
எனக்கு வேண்டியது ஒன்பது வோல்ட்.
ஹாங் துவாவில் வந்த விடை
ஆயிரத்து முந்நூற்று அறுபத்து நான்கு.
அப்படியொன்றை எந்தக் கடையிலும் விற்பதில்லை.
மஸ்ஜிட் ஜாமெக்கில் ஏறிய கூட்டம் முழங்கையை இடிக்க
ஆயிரத்து இருநூறோடு நூற்றைம்பதைக் கோத்துப் பார்த்தேன்:
எட்டு புள்ளி ஒன்பது இரண்டு.
எட்டுக் காசு துண்டு விழுகிறது.
செந்தூல் வந்துவிட்டது.

போன வாரம் இடி விழுந்த மத்தியானம்
பால் பம்பின் அடாப்டர் புகைந்து செத்தது.
புதியது வரப் பதினாறு நாளாம்.
திங்கட்கிழமை கோகிலவாணிக்கு வேலை தொடங்குகிறது.
கையாலேயே பிழிந்து பிழிந்து
கட்டைவிரல் இப்போது மடங்க மறுக்கிறது.
ஒரு வாரமாக அவள் மில்லிலிட்டரில் பேசுகிறாள்,
நான் ஓமில்.

பழைய மோடத்தின் பன்னிரண்டு வோல்ட்,
மூன்றை உதறினால் போதும்.
இரவு இரண்டரைக்கு ஈயம் ஆறியது.
மீட்டரில் ஒன்றே முக்கால்,
அதுவும் நிலைகொள்ளாமல்.

"எவ்வளவு வருது?" அறைக்குள்ளிருந்து.
"ஒன்னே முக்கால்."
"அவுன்ஸா? அதுவே பெருசு,"
என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

பால்கனிக் கதவைத் திறந்துவைத்து
பலகையை வெறித்தேன் வெகுநேரம்.
சிவப்பு சிவப்பு பழுப்பு, இருநூற்று இருபது.
பழுப்பு சிவப்பு சிவப்பு, ஆயிரத்து இருநூறு.
ஒன்றைத் தலைகீழாய்ப் பிடித்தால் மற்றது.
எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று சொல்ல வேண்டிய
தங்கக் கோடு
சமையலறை பல்பின் மஞ்சளில்
தானும் பழுப்பாகி நின்றிருந்தது.

இடம் மாற்றினேன். மறுபடி ஈயம், மறுபடி புகை.
எட்டு புள்ளி ஒன்பது ஒன்பது.

கணக்கைவிட ஏழு காசு கூடுதல்.
எங்கிருந்து?
சரிசெய்யும் காலிலிருந்து கசியும்
ஐம்பது மைக்ரோ ஆம்பியர்.
புறக்கணிக்கலாம் என்று தாள் சொன்னது,
நானும் புறக்கணித்தேன்.
அது பாட்டுக்கு
ஆயிரத்து முந்நூற்றைம்பது ஓமைக் கடந்து போய்
என் துண்டைக் கட்டிவிட்டிருக்கிறது.

நான்கு மணிக்கு பம்ப் முனகத் தொடங்கியது.
ஹீட்சிங்கில் விரல் வைத்தேன்:
சூடுதான், ஆனால் எடுக்கத் தோன்றாத சூடு.
புட்டியில் அறுபதைத் தொட்டதும் அவள் நிறுத்தினாள்.
தேதி ஒட்ட ஸ்டிக்கர் தீர்ந்திருந்தது.
மேசையில் கிடந்த ரசீதைக் கிழித்து
நாள், மணி எழுதி
டேப்பால் சுற்றி ஒட்டினாள்.

உறைபெட்டியின் மேல் தட்டில் இப்போது
பாலோடு சேர்ந்து இறுகுகிறது
என் வகுத்தலில் பாதி.