முப்பத்தொரு மைல் அதிகம்

செம்பூர். எட்டாவது மாடி.
சாப்பாட்டு மேசையில் அரபிக்கடலை விரித்திருக்கிறேன்.
சுருண்டுகொள்ளப் பார்க்கிறது.
வடமேற்கு மூலையில் குக்கர் வெயிட்.
தென்கிழக்கில், கொச்சி நழுவிவிடாமல்,
ஆவக்காய் பாட்டில்.

ஜன்னலுக்கு வெளியே மாஹுல் ஆலையின் தீ
இரவு முழுக்க எரிகிறது.
அதைப் பார்த்துத் திசை பிடித்து
இந்த ஊரில் யாரும் எங்கும் போனதில்லை.
ஆனாலும் அதன் கோணத்தை
நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், பழக்கதோஷம்.

டிசம்பர் ஒன்பது, விடிகாலை வற்றத்தோடு புறப்பாடு.
படகு கைஸாத்துடையது. பல் மருத்துவர்.
"கரையை ஒட்டியே போவோமே,
கோட்டையெல்லாம் தெரியும்,
போனில் சிக்னலும் இருக்கும்" என்கிறார்.
மிலிந்த் தாண்டேல் சிரிக்கிறான்:
"அங்கே எங்க ஆளுங்க வலை கிடக்கும், டாக்டர்.
பாதிக்கு விளக்கே இருக்காது.
இருந்தாலும் அது தலையா வாலான்னு
போட்டவனுக்குத்தான் தெரியும்."

ஹிந்த்மாதாவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால்
எந்தச் சந்தில் வண்டியைத் திருப்புவது என்று
டாக்ஸிக்காரர் யாரையும் கேட்பதில்லை.
கடலில் சந்து கிடையாது.
எல்லாமே தெரு.
அதுதான் தொல்லை.

வெளியே வெகுதூரம் போனால் எண்ணெய்க் கப்பல்கள்.
நாங்கள் அவற்றுக்கு ஒரு கொட்டாவி அளவு.
நடுவில் ஆங்ரியா திட்டு:
இருபது மீட்டர் ஆழம், அடி தட்டாது.
ஆனால் திட்டு இருந்தால் மீன்,
மீன் இருந்தால் படகு,
படகு இருந்தால் மறுபடியும்
மிலிந்தின் ஆட்கள்.

பகலுக்கு வடமேற்குக் காற்று.
நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்று,
வந்தால்.

பச்சைப் பென்சிலால் ஒதுங்கும் துறைகளை வட்டமிட்டேன்:
ஜய்கட், ரத்னகிரி, விஜய்துர்க், மர்மகோவா, கார்வார்.
இருட்டில் நுழையத் துணியாதவற்றின் மேல்
கறுப்பால் இன்னொரு வட்டம்.
பச்சையாக மிஞ்சியவை இரண்டே.

பிறகு கோடு.
அழித்தேன். மறுபடி கோடு.
வலைகளுக்கு வெளியே, திட்டுக்கு உள்ளே,
கரையிலிருந்து முப்பத்தைந்து மைல் தள்ளி
தெற்கே இறங்கும் ஒரு கோடு.
ரப்பர் துகளை ஊதித் தள்ளினேன்.
கோவா பக்கம் போய் விழுந்தது.

"முப்பத்தொரு மைல் அதிகமாகுதே?"
போனில் கைஸாத்.
வலை என்றேன். கப்பல் என்றேன். திட்டு என்றேன்.
மூன்றும் உண்மை.
நான்காவதைச் சொல்லவில்லை.

போன ஜனவரி, தேவ்கட் தாண்டி, என் முறை.
கண்ணை மூடியதாக நினைவே இல்லை.
கடிகாரம் மூன்று பதினெட்டு.
அடுத்துப் பார்த்தபோது மூன்று நாற்பது.
இடதுபுறம், கையெட்டும் தூரத்தில், ஒரு மீன்படகு.
கம்பளி போர்த்திய ஒருவர்
டார்ச்சை என் முகத்தில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
கத்தவில்லை. திட்டவும் இல்லை.
நான் சுக்கானைத் திருப்பும்வரை
வெளிச்சத்தைப் பிடித்திருந்தார்.
பிறகு அணைத்துவிட்டார்.
கீழே மற்ற இருவரும் குறட்டையில்.
காலையில் பதிவேட்டில் எழுதினேன்:
"குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை."

இருபத்திரண்டு நிமிடம்.
ஐந்து நாட் வேகத்தில்
ஒன்றே முக்கால் மைலுக்குக் கொஞ்சம் மேலே.
டிவைடரின் கால்களை அந்த அளவுக்கு அகட்டி,
பிறகு அதை இரட்டித்து,
வரைபடத்தில் முட்டக்கூடிய ஒவ்வொன்றின் பக்கத்திலும்
நடத்திக்கொண்டே போனேன்.
கோடு விலகி விலகிப் போனது அதனால்தான்.
அதன் வளைவெல்லாம்
என் தூக்கத்தின் அகலம்.

"சரி," என்றார் கைஸாத் கடைசியில்,
"ஆறு மணி நேரம்தானே. ரவை கூடக் கொஞ்சம் வாங்கிடலாம்."

சுருட்ட எடுத்தபோதுதான் பார்த்தேன்.
கண்ணூருக்கு மேற்கே
ஆவக்காய் பாட்டில் ஓர் எண்ணெய் வட்டம் விட்டிருந்தது.
அங்கே பாறை இல்லை, திட்டு இல்லை,
ஆழம் ஐம்பது மீட்டர்.
துடைத்தேன். போகவில்லை.
இருக்கட்டும்,
அதையும் சுற்றிக்கொண்டே போவோம்.